அறிய மறுத்தல்

ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள மாட்டேன் என்று மறுக்க மனிதனுக்கு உரிமை உண்டா? நம்மில் பலருக்கு இந்தக் கேள்வியே உவப்பாக இராது. மறுப்பவன் மூடன், அல்லது எதையோ மறைப்பவன் என்று சட்டென முடிவு கட்டிவிடுவோம். நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளை ஒட்டி எண்ணெய் எடுப்பது பற்றி அங்கே நடந்த நீண்ட வழக்கைத் தொடர்ந்து படித்து வந்ததில், இந்த முடிவு எனக்கு முன்போல் சௌகரியமாக இல்லை.

வட நார்வே சிறுபத்திரிகை வாசகனுக்கு அந்நியமான பிரதேசம் அன்று. க.நா.சு. மொழிபெயர்த்த 'நிலவளம்' வழியாக நாம் அங்கே போய் வந்திருக்கிறோம். ஹாம்சன் சிறுவனாக வளர்ந்த ஹாமரோய், லோஃபோட்டனுக்கு எதிர்க்கரை. இரண்டுக்கும் இடையில் கிடக்கும் கடலுக்குத்தான் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை, பேரண்ட்ஸ் கடலிலிருந்து காட் மீன் முட்டையிட வருகிறது. பிடித்த மீனை உப்புகூட இடாமல் மரச் சட்டங்களில் தொங்கவிட்டுக் குளிர்காற்றில் காயவைக்கிறார்கள். இந்தக் கருவாட்டு வியாபாரத்துக்கு வயது ஏறக்குறைய ஆயிரம். முட்டையும் குஞ்சும் கரையோர நீரோட்டத்தில் வடக்கே மிதந்து போய், பேரண்ட்ஸ் கடலில் வளர்கின்றன. அந்தப் பக்கம் கடலடித் திட்டு மிகவும் குறுகலானது. ஆகவே மீன் போகும் வழியும் எண்ணெய் இருக்கக்கூடிய இடமும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. எண்ணெயும் எரிவாயுவுமாக ஏறக்குறைய 130 கோடி பீப்பாய் இருக்கலாம் என்று 2010-இல் அந்நாட்டுப் பெட்ரோலிய இயக்குநரகம் மதிப்பிட்டது.

எண்ணெய்ப் பணத்தைச் சுருட்டுகிற தேசமல்ல நார்வே. 1990-இல் சட்டம் போட்டு, அந்தப் பணத்தைப் பின்வரும் தலைமுறைகளுக்கென்று நிதியாகச் சேர்த்து வைக்கிற நாடு. இந்த உதாரணம் நமக்கு உபயோகப்படுவதும் அதனால்தான். திருடனை ஒதுக்கிவிட்டுக் கேள்வியை மட்டும் பார்க்க முடிகிறது.

வினோதம் என்னவென்றால், சண்டை முக்கியமாகத் துளையிடுவதைப் பற்றி நடக்கவில்லை. துளையிட்டால் என்ன ஆகும் என்று ஆராயலாமா கூடாதா என்பதைப் பற்றி நடந்தது. ஒரு கடற்பகுதியை எண்ணெய்க்குத் திறந்துவிடுமுன் விளைவுகளை ஆராய வேண்டும் என்பது அங்கே சட்டம். 'முதலில் ஆராய்வோம், பிறகு தீர்மானிப்போம்' என்றார்கள் ஒரு சாரார். இதைவிட நியாயமான வாக்கியம் இருக்க முடியுமா? மீனவர்களில் பலரும் சூழல் இயக்கத்தாரும் அந்த ஆராய்ச்சியே வேண்டாம் என்றார்கள். அறிவுக்கு விரோதிகள் என்று பெயர் வாங்கிக்கொண்டார்கள்.

நான் வேலை பார்க்கும் வங்கியில் நகைக்கடன் பிரிவு உண்டு. அப்ரைசர் நகையை உரைத்துப் பார்ப்பார். கல், அரக்கு, அழுக்கு எல்லாம் கழித்து நிகர எடை எழுதுவார். அவர் கணக்கில் பொய் கிடையாது. ஆனால் வெறும் அறிவுத் தாகத்தால் தன் தாலிச் சங்கிலியை அவர் தராசில் வைத்த பெண்ணை நான் இதுவரை கண்டதில்லை. வைக்கப் போகிறவள்தான் எடை கேட்கிறாள். அடகு வைக்க மனமில்லாதவளிடம் 'எடையாவது தெரிந்துகொள்ளேன், அதில் என்ன நஷ்டம்' என்று வற்புறுத்துகிற புருஷனுடைய நோக்கம் எல்லோருக்கும் தெரியும்.

இந்த ஒப்புமையை அதிகம் இழுக்கக் கூடாது. சங்கிலியை உரைத்தால் அது தேய்வது கண்ணுக்குத் தெரியாத அளவு. கடல் அப்படியல்ல. கடலடியில் எண்ணெய் தேடும் கப்பல் காற்றுத் துப்பாக்கிகளை இழுத்துக்கொண்டு போய், சில விநாடிகளுக்கு ஒருமுறை வெடியோசை எழுப்பி, எதிரொலியைப் பதிவு செய்கிறது. 1992-இல் பேரண்ட்ஸ் கடலில் நார்வே விஞ்ஞானிகள் நடத்திய சோதனையில், இந்த ஓசைக்குப் பின் இழுவலையில் அகப்பட்ட காட் மீன் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. 2009-இல் லோஃபோட்டனுக்கு வடக்கே வெஸ்டரோலன் கரைக்கு அப்பால் பார்த்தபோது முடிவு சிக்கலாக வந்தது. ஆயிரங்கால் தூண்டிலில் மீன் குறைந்தது. செவுள் வலையில் சில வகை மீன்கள் முன்னைவிட அதிகம் விழுந்தன. கலவரப்பட்ட மீன் இரையைச் சீந்துவதில்லை. ஆனால் நிலைகொள்ளாமல் அலைவதால் வலையில் போய் மாட்டிக்கொள்கிறது. வலைக்காரன் கணக்கில் இது லாபம், தூண்டில்காரன் கணக்கில் நஷ்டம். சராசரி எடுத்தால் ஒன்றும் நடக்கவில்லை என்றுகூட எழுதிவிடலாம். தெரிந்துகொள்ளும் காரியம் தெரிந்துகொள்ளப்படும் பொருளைக் கலைக்கிறது என்பது இங்கே தத்துவ வகுப்புப் புதிர் அன்று. ஒருவன் படகில் அன்றைக்கு ஏறிய மீன்.

மறு தரப்பு சொல்வதையும் லேசாகத் தள்ளிவிட முடியாது. தீவுகளில் இளைஞர்கள் தங்குவதில்லை. வடக்கே ஹம்மர்ஃபெஸ்டில் 2007-இல் எரிவாயு ஆலை வந்தபின் ஊருக்கு வரிப்பணமும் வேலையும் வந்தன. 1940-களில் நார்வேயில் லட்சத்துக்கும் மேல் இருந்த மீனவர்கள் இன்று ஏறக்குறையப் பதினோராயிரம் பேர். அவர்களை விரட்டியது எண்ணெய் அல்ல. அவர்களுடைய எஞ்சின்களும் பெரிய படகுகளுமே. 1990 முதல் காட் மீனைப் படகுக்கு இவ்வளவு என்று பங்கு வைத்து, அந்தப் பங்குகளே கைமாறிப் பெரும் சொத்தாகிவிட்டன. கடலை விலைபேச மாட்டோம் என்றவர்கள், கடலில் தங்களுக்கு உள்ள பங்கை விலைபேசித்தான் வருகிறார்கள். எண்ணெய்க்கு இடம் கொடாமலே மீனும் குறைந்து வருகிறது: 2025-க்கு அனுமதிக்கப்பட்ட காட் மீன் அளவு, 1991-க்குப் பின் அதுவரை இருந்ததிலேயே மிகக் குறைவாக இருந்தது.

ஆகையால் 'பரம்பரை வாழ்வு புனிதமானது' என்கிற வாதத்தில் எனக்கு ஈடுபாடு இல்லை. மண்ணை அப்படி ஆராதித்த ஹாம்சன் 1945-இல் ஹிட்லருக்கு இரங்கலுரை எழுதுமளவுக்குப் போய்ச் சேர்ந்தார் என்பதை, அவரை ரசிக்கிற நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். மீனவர்களின் மறுப்பு அந்த ஜாதியைச் சேர்ந்ததாக எனக்குப் படவில்லை. கடல் விஞ்ஞானத்தை அவர்கள் நிராகரிக்கவில்லை. எவ்வளவு பிடிக்கலாம் என்பதை வருஷாவருஷம் விஞ்ஞானிகள் கணக்கிட, முணுமுணுத்துக்கொண்டாவது அதற்குள் நின்றுதான் தொழில் செய்கிறார்கள். அவர்கள் மறுத்தது ஒரு குறிப்பிட்ட கேள்வியை. எந்த விடை வந்தாலும் அது ஒரு தொகையாகவே எழுதப்படும், பிறகு பேச்செல்லாம் அந்தத் தொகையைக் கூட்டுவது குறைப்பது பற்றித்தான் என்று ஆகிவிடும் கேள்வி அது. அதற்குப் பதில் சொல்ல உட்காருவதே பாதி சம்மதம். மதிப்பு நடுநிலையான அறிவு என்று நம்புகிறவர்களுக்கு இது விளங்காது. அப்ரைசர் பக்கத்தில் பத்து வருஷம் உட்கார்ந்தவனுக்கு விளங்கும்.

2019 ஏப்ரலில் தொழிற்கட்சி தன் நிலையை மாற்றிக்கொண்டு, அந்த ஆராய்ச்சி வேண்டாம் என்றது. எண்ணெய்த் தொழிலாளர் சங்கத்துக்குக் கடும் கோபம். லோஃபோட்டன் தப்பித்தது என்று பத்திரிகைகள் எழுதின. அந்தக் குஞ்சுகள் மிதந்து போய் வளரும் பேரண்ட்ஸ் கடலில், யோஹான் காஸ்ட்பெர்க் என்னும் வயலிலிருந்து 2025 மார்ச் கடைசியில் எண்ணெய் வரத் தொடங்கியது. அதற்கான விளைவு ஆய்வெல்லாம் முறைப்படி நடந்திருக்கிறது.