விதைக்கன்று

பூச்சோங்கில் வரிசை வீடுகளின் பின்புறத்தே எஞ்சும் சிறு நிலத்தில், நம்மவர் மல்பெரி என்றே வழங்கும் முசுக்கட்டையை வளர்க்க விரும்புவோர்க்கு எளிய வழி ஒன்று உண்டு. முற்றிய கொம்பைச் சாண் நீளத்துக்கு நறுக்கி ஈரமண்ணில் ஊன்றிவிட்டால், பெரும்பாலும் ஓராண்டுக்குள்ளேயே அது கறுத்த கனியைக் கையில் தந்துவிடும். விதையிட்டு வளர்ப்பதோ பல்லாண்டுப் பொறுமையை வேண்டும் காரியம். அங்ஙனமிருந்தும் நான் விதையையே நாடுகிறேன்.

நன்கு கனிந்த பழத்தை நீரில் பிசைந்து சதையைக் களைந்தால், கடுகினும் நுண்ணிய விதைகள் அடியில் தங்கும். வெளிச்சம் பட்டால் நன்கு முளைப்பவை ஆதலின், அவற்றைப் புதைக்காமல் மண்ணின் மேல் தூவி, மெல்ல அழுத்தி, நம் பிற்பகல் மழை அடித்துச் செல்லாதவாறு தாழ்வாரத்தில் வைத்துக் காத்தல் வேண்டும். ஆண்மரத்தின் துணையின்றியே கனி தரும் பெண்மரங்களும் பல உண்டு. அக்கனிகளின் விதை வெறும் பதர். உயிருள்ள விதைக்குக் காற்றே தூது. வெள்ளை முசுக்கட்டையின் ஆண்பூ வெடித்து மகரந்தத்தை எறியும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 560 கிலோமீட்டர் என்று 2006இல் விஞ்ஞானிகள் கணித்து வெளியிட்டபோது, இத்துணைச் சாதுவான மரத்தினுள் இத்துணை ஆவேசமா என்று வியந்தேன்.

தந்தை எம்மரமோ அறியோம். ஆகவே தாயின் இனிப்பு கன்றுக்கு வருமென்ற உறுதியில்லை. ஆணாகிக் கனியே தராமலும் போகலாம். இந்த நிச்சயமின்மை நம் முன்னோர்க்குப் புதிதன்று. இன்று தாமான்கள் நிறைந்த இவ்வூர், முன்பு ரப்பர்த் தோட்டங்களும் ஈயக்குட்டைகளும் நிறைந்திருந்த பூமி. 1876இல் ஹென்றி விக்காம் அமேசான் கரையிலிருந்து இலண்டனுக்குக் கொண்டுசென்ற விதைகளின் சந்ததியான பால்மரங்களில் ஒன்று பாலைப் பொழியும், அடுத்தது சொட்டும். அந்த ஏற்றத்தாழ்வைப் பொறாத நிர்வாகங்கள், சிறந்த மரத்தின் மொட்டை ஒட்டுக்கட்டி, அதன் பிரதிகளாலேயே பல்லாயிரம் ஏக்கரை நிரப்பின. 1925இல் நிறுவப்பட்ட ரப்பர் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய புகழ்பெற்ற இரகத்துக்கு, நிலையத்தின் முதலெழுத்துகளும் 600 என்னும் எண்ணுமே பெயராயின.

வாணிபத்துக்கு அது தக்கதே. ஆனால், அப்பிரதிகளை விடியுமுன் எழுந்து வெட்டிய லயத்து மக்கள், தம் பிள்ளைகள் தம்முடைய பிரதிகளாகிவிடலாகாது என்பதற்காகவே வயிற்றைக் கட்டித் தோட்டப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளாகிய நாமோ, பிள்ளை பிறந்தவுடனே அதற்குரிய தொழிலையும் சம்பளத்தையும் மனத்துள் வரைந்து, ஒரே அச்சில் வார்க்க முனைகிறோம். இதைக் காணுந்தோறும் எனக்கு வேதனை மிகுகிறது. நமக்குத் தெரியாத சுபாவத்தோடு வரும் ஓர் உயிருக்கு நீரூற்றும் பழக்கத்தையே நான் விதையிடம் பயில்கிறேன்.

ஆணென்று தெரிந்தால் வெட்டிவிடுவீர்களா என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். வெட்டமாட்டேன். அதன் தூள் காற்றிலேறி எங்கோ ஒரு பெண்மரத்தின் விதைக்கு உயிரூட்டும்; அதன் தழையும் நிழலும் எனக்குப் போதும்.