அறிவுக்குப் பூட்டு வேண்டுமா?

எழுதுகோலைக் கொண்டு மனிதனுக்குக் கல்வியைக் கற்பித்த அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும்! அவனுடைய திருத்தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!



ஒருவர் பாடுபட்டு மார்க்க விஷயம் ஒன்றை எழுதி, எல்லோரும் கைபேசியில் படிக்கும்படி வைக்கிறார். மறுநாளே அது அவர் பெயரின்றி, சில சமயம் வேறொருவர் பெயரோடு ஊரெங்கும் உலவுகிறது. மனம் நொந்தவர், யாரும் பிரதி எடுக்க முடியாதபடி எழுத்துக்குப் பூட்டுப் போட நினைக்கிறார். இது கூடுமா? பிரதி எடுப்பவரின் கடமைதான் என்ன?

முதலில் எழுதுகிறவருக்குச் சொல்வோம். மக்களுக்குத் தேவையான கல்வியைக் கேட்டும் மறைத்தவருக்கு மறுமையில் நெருப்பாலான கடிவாளம் உண்டென்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். ஒருவர் மௌத்தான பின்பும் நன்மை தந்துகொண்டிருக்கும் அமல்களில், பிறர் பயனடையும் கல்வியும் ஒன்றென அறிவித்துள்ளார்கள். பிரதி எடுப்பது நம் சமுதாயத்துக்குப் புதிதுமல்ல. ஹலரத் உஸ்மான் (ரலி) அவர்கள் குர்ஆனைப் பிரதிகள் எடுக்கச் செய்து பல நாடுகளுக்கும் அனுப்பிவைத்தார்கள்.

மேலும், பூட்டு யாரைத் தடுக்கிறது? பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு துஆவை எடுத்துவைக்க விரும்பும் தாயைத் தடுக்கிறது. திருட நினைப்பவனோ அதைப் படம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறான்.

அப்படியானால் எழுதியவருக்கு உரிமையே இல்லையா? உண்டு. ஒருவருடைய பொருள் அவர் மனம் ஒப்பினாலன்றிப் பிறருக்கு ஹலாலாகாது. இஸ்லாமிய நாடுகளின் அமைப்பைச் சேர்ந்த சர்வதேச ஃபிக்ஹு அகாடமி 1988 டிசம்பரில் குவைத்தில் கூடியபோது, நூலாசிரியரின் உரிமை ஷரீஅத் பேணுகின்ற உரிமையே என்றும், அதை மீறுதல் ஆகாது என்றும் தீர்மானித்தது. நம் நாட்டின் 1957-ஆம் வருஷச் சட்டமும் எழுதியவரின் ஆயுட்காலம் முழுவதும், அவருக்குப்பின் 60 ஆண்டுகளும் அவ்வுரிமையைக் காக்கிறது. எனவே விற்பனைக்குள்ள ஒரு கிதாபை முழுவதும் ஜெராக்ஸ் எடுத்து விநியோகித்துவிட்டு, 'தீனுக்காகச் செய்தேன்' என்று சொல்வது சரியன்று.

இரண்டையும் இணைப்பதெப்படி என்பதற்கு நம் பகுதியிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த ராமசாமி ரெட்டியார் சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராக இருந்தபோது, 1949-இல், பாரதியார் எழுத்துக்களின் உரிமையை அரசாங்கம் ஏற்றது. பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமை படத்தயாரிப்பாளர் ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. அவர் பணம் பெறாமலேயே அதை விட்டுக்கொடுத்தார். பாரதியாரின் மனைவி மக்களுக்கு அரசாங்கம் பணம் வழங்கியது. பின்னர் அவ்வெழுத்துக்கள் பொதுமக்களின் உடைமையாயின. கதவு திறக்கப்பட்டது, பாடுபட்டவரின் குடும்பமும் மறக்கப்படவில்லை, அவர் பெயரும் நீக்கப்படவில்லை.

சகோதரர்களே! பெயரை நீக்குவதை லேசாக எண்ணாதீர்கள். தாம் செய்யாத செயலுக்குப் புகழை விரும்புவோரைக் குர்ஆன் (3:188) கண்டிக்கிறது. தனக்குக் கொடுக்கப்படாததைத் தன்னிடமிருப்பதாகக் காட்டுபவன் பொய்யாடை இரண்டை உடுத்தியவனுக்கு ஒப்பாவான் என்பது நபிமொழியின் கருத்து. தம் கல்வியை மக்கள் கற்றால் போதும், அதில் ஓரெழுத்தும் தம் பெயரால் வழங்கவேண்டாம் என்று இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் விரும்பியதாகச் சொல்வார்கள். அது கொடுப்பவரின் பெருந்தன்மை. எடுப்பவர் அதைச் சாக்காகக் கொள்ளலாகாது.

பெயரை அழிப்பதால் அமலே கெடுவதும் உண்டு. ரமளான் நேர அட்டவணையைப் பாருங்கள். விழுப்புரமும் திண்டிவனமும் சென்னைக்கு மேற்கே இருப்பதால், இங்கே சூரியன் மறைவது அங்கேயுள்ளதைவிடச் சில நிமிடம் பிந்தியே. சென்னை அட்டவணையிலிருந்து ஊர்ப்பெயரையும் வெளியிட்டவர் பெயரையும் வெட்டிவிட்டு ஒருவர் அனுப்புகிறார். அதை நம்பிய வீட்டார், மஃரிபு நேரம் வருமுன்பே நோன்பைத் திறந்துவிடுகிறார்கள். பகலெல்லாம் பசித்திருந்த நோன்பு வீணாகிறது; களாச் செய்யவேண்டியதாகிறது. பெயர் இருந்திருந்தால் அது எந்த ஊருக்குரியதென்று தெரிந்திருக்கும். பிழையிருப்பின் வெளியிட்டவரிடம் கேட்டுத் திருத்தியிருக்கலாம். நம் முன்னோர் ஸனதை, அதாவது யாரிடமிருந்து யார் கேட்டார் என்னும் தொடரை, ஏன் அவ்வளவு கண்ணும் கருத்துமாகப் பேணினார்கள் என்பது இதிலிருந்தே விளங்கும்.

ஆகவே, எழுதுபவர்கள், எடுப்பதற்கு அனுமதி உண்டா, என்ன நிபந்தனை என்பதை மேலேயே தெளிவாக எழுதிவிடுங்கள். நிபந்தனையைப் பேணுவது முஸ்லிமின் கடமை. எடுப்பவர்கள் பெயரை நீக்காதீர்கள். சொல்லைக் கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள். அனுப்புமுன் மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விலைக்குள்ளதை விலைகொடுத்தே வாங்குங்கள். பெற்றோர்கள் இதைப் பிள்ளைகளுக்கும் பழக்குங்கள். பள்ளிக்கூடத்துக் கட்டுரையில் பிறர் எழுத்தைத் தன்னுடையதென்று காட்டும் பிள்ளை, நாளை பிறர் பொருளிலும் கைவைக்கத் துணியும்.

இரும்புப் பூட்டை உடைக்க ஆள் உண்டு. அல்லாஹ் பார்க்கிறான் என்னும் அச்சம் உள்ளத்தில் இருந்துவிட்டால், எழுத்து திறந்தே கிடந்தாலும் அமானிதம் கெடாது.

வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் பயனுள்ள கல்வியைப் பெறுபவர்களாகவும், அதை அமானிதத்தோடு பிறருக்குச் சேர்ப்பவர்களாகவும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.