கொலைகாரனைக் காட்டாத பேய்

பேய்ப்படம் தொடங்கும்போது 'உண்மைச் சம்பவங்களைத் தழுவியது' என்று ஓர் அட்டை வரும். கூடவே 'பாத்திரங்களும் சம்பவங்களும் கற்பனையே' என்று இன்னொன்றும் வரும். முன்னது கல்லாவுக்கு, பின்னது வக்கீலுக்கு. ஒரே படத்தில் இரண்டும் பொருந்துமா என்றால், பொருந்தும். அதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. 2011 ஜூனில் எம்.வி. விஸ்டம் என்ற பழைய கப்பலை உடைப்பதற்காக அலங்குக்கு இழுத்துப் போனார்கள். வழியில் கயிறு அறுந்து, மும்பை ஜூஹு கடற்கரையில் அது தரைதட்டியது. 2020இல் வந்த 'பூத்' என்ற இந்திப் படத்துக்கு இதுதான் விதை. கப்பல் நிஜம், பேய் படக்குழு ஏற்றிய சரக்கு. இதில் யாருக்கும் நட்டமில்லை, கப்பல் மானநஷ்ட வழக்குப் போடப்போவதில்லை.

அடியில் ஒரு மனிதரின் சாவு கிடக்கும்போது கணக்கு மாறுகிறது. புனேயின் சனிவார் வாடாவை எடுத்துக்கொள்ளலாம். இந்தியாவில் பேய் நடமாடும் இடங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் தவறாமல் இடம்பிடிப்பது அது. முதலாம் பாஜிராவ் 1730இல் அடிக்கல் நாட்டி, 1732இல் குடிபுகுந்த மாளிகை, மராட்டிய ஆட்சியை நடத்திய பேஷ்வாக்களின் இருப்பிடம். 1828இல் பிடித்த தீயில் உள்ளே இருந்த கட்டடங்கள் போயின. மதிலும் வாசல்களும் அடித்தளக் கற்களும் மிச்சம். யானை முட்டித் திறக்காதபடி இரும்பு முட்கள் பதித்த தில்லி தர்வாசா முன்னால் நின்றுதான் எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நாராயண் தர்வாசா என்ற இன்னொரு வாசலுக்கு அவ்வளவு கூட்டம் இல்லை.

1773 ஆகஸ்ட் 30. பிள்ளையார் சதுர்த்தி விழாக்காலம். சம்பளப் பாக்கி கேட்பதாகச் சொல்லிக்கொண்டு 'கார்தி' எனப்படும் காவல்படையினர் மாளிகைக்குள் புகுந்தார்கள். பேஷ்வா நாராயணராவுக்கு அப்போது வயது 18. தப்பி ஓடியவர் சித்தப்பா ரகுநாதராவின் அறைக்குள் போய் அவரைக் கட்டிக்கொண்டார். அங்கேயே வெட்டிச் சாய்த்தார்கள். உடலை வெளியே கொண்டுபோன வழி என்பதால்தான் அந்த வாசலுக்கு அவர் பெயர் என்கிறார்கள். பௌர்ணமி இரவில் "காகா, மலா வாச்சவா" என்ற அலறல் கேட்கும் என்பது ஊர்ப்பேச்சு. சித்தப்பா, என்னைக் காப்பாற்று என்று கெஞ்சும் குரல்.

அந்தக் குரலைக் கேட்டதாகச் சொல்பவர்கள் பொய்யர்களா என்பது இங்கே பெரிய விஷயமில்லை. குரல் யாரை அழைக்கிறது என்று பார்க்க வேண்டும். கொலைக்குப் பின் பேஷ்வா ஆனது அதே சித்தப்பாதான். நீதிபதி ராமசாஸ்திரி பிரபுணே விசாரித்து, பதவியில் இருப்பவர் என்றும் பாராமல் அவரையே குற்றவாளி என்றார். ஊர்க்கதை அந்தத் தீர்ப்பை மறக்கவில்லை. 'காகா' என்ற அழைப்பில் குற்றவாளி நிற்கிறான். நம் பழையனூர் நீலியும் இந்த வகைதான். அவள் வெறுமனே பயமுறுத்த வந்தவள் அல்ல, கொன்றவனை ஊர்ச்சபை முன் நிறுத்த வந்தவள். பாட்டிமார் சொன்ன பேய்க்கதைகளில் பெரும்பாலும் ஒரு வழக்கு இருந்தது.

ஊர்க்கதை எப்போதும் நியாயமாக நடந்துகொள்ளும் என்றும் சொல்லிவிட முடியாது. நாராயணராவைப் 'பிடி' என்று எழுதிய உத்தரவில் ஓர் எழுத்தைத் திருத்தி 'கொல்' என்று ஆக்கியவள் ரகுநாதராவின் மனைவி ஆனந்திபாய் என்பது மராட்டியில் பழமொழியாகவே நிலைத்துவிட்டது. கதைக்கு இருக்கும் பரவல் அதன் சான்றுக்கு இல்லை. ரத்தமும் சதையுமாக வாழ்ந்த ஒரு பெண் இருநூற்றைம்பது ஆண்டுகளாக அந்தப் பழியைச் சுமக்கிறாள். ஊர்வாய்க்காவது 'சொல்கிறார்கள்' என்ற ஒரு தயக்கம் உண்டு. சினிமா அட்டையில் அதுவும் இல்லை.

இன்னும் மோசமானது, குற்றத்தை மனிதரிடமிருந்து பிடுங்கிப் பேயிடம் கொடுப்பது. ஜெர்மனியில் அனலீஸ் மிஷல் என்ற 23 வயதுப் பெண் 1976 ஜூலை 1 அன்று இறந்தாள். வலிப்பு நோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்தவள். பத்து மாதங்களில் 67 முறை அவளுக்குப் பேயோட்டினார்கள். கடைசியில் உணவும் நீரும் இல்லாமல்தான் உயிர் போனது. பெற்றோரும் இரண்டு பாதிரியார்களும் கவனக்குறைவால் உயிரிழக்கச் செய்தவர்கள் என்று 1978இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005இல் வந்த 'தி எக்சார்சிஸம் ஆஃப் எமிலி ரோஸ்' இந்த உண்மையைத்தான் தழுவியது. அதில் கூண்டில் நிற்பது பாதிரியார் ஒருவர் மட்டுமே, பெற்றோர் இல்லை. பேய் இருந்திருக்கலாமே என்ற சந்தேகம் பார்வையாளர் மனதில் மெல்ல ஊன்றப்படுகிறது. பட்டினியில் செத்த பெண்ணுக்கு அந்தச் சந்தேகம் எந்த வகையில் உதவும்?

பயம் என்பது ஒரு விளையாட்டு, நம்புகிறவர்கள் குறைவு என்று படமெடுப்பவர்கள் சொல்லலாம். விளையாட்டுதான் என்றால் அட்டை எதற்கு? புனேயும் கொங்கணமும் களமாக வரும் 'தும்பாட்' (2018) ஹஸ்தர் என்ற தெய்வத்தைத் தானே படைத்துக்கொண்டது. செத்தவர் யாரையும் சாட்சிக்கு இழுக்காமலே அது நன்றாகப் பயமுறுத்தியது.

நம்புகிறவர்கள் உண்டு என்பதற்கும் புனேயிலேயே ஆதாரம் இருக்கிறது. பில்லிசூனியத்தின் பெயரால் நடக்கும் கொடுமைகளைத் தடுக்கச் சட்டம் கேட்டுப் பல ஆண்டுகள் போராடிய நரேந்திர தபோல்கர், 2013 ஆகஸ்ட் 20 காலை நடைப்பயிற்சியின்போது ஓங்காரேஸ்வர் கோயில் அருகேயுள்ள பாலத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். சனிவார் வாடாவிலிருந்து நடந்தே போய்விடலாம். சில நாட்களில் அவசரச் சட்டம் வந்தது, டிசம்பரில் சட்டமன்றமும் நிறைவேற்றியது. அற்புதம் காட்டி மக்களை ஏமாற்றிக் காசு பார்ப்பது அதன்படி குற்றம். சட்டத்தின் குறி பாபாக்களும் மாந்திரீகர்களும்தான், சினிமா விளம்பரத்தை அதற்குள் இழுக்க வேண்டியதில்லை. தடை கேட்பதும் வீண். அட்டையில் முழு வாக்கியமாக எழுதினால் போதும்: இந்த ஆண்டில் இவர் இறந்தார், நீதிமன்றம் இன்னாரைக் குற்றவாளி என்றது, பேய் எங்கள் கற்பனை. டிக்கெட் விற்பனை அதனால் குறையும் என்று தயாரிப்பாளர் அஞ்சினால், இதுவரை அவர் விற்றது எதை என்று கேட்கலாம்.