அதிபரின் நோயும் மருத்துவரின் கையெழுத்தும்

1981 மே மாதம் பிரான்சின் அதிபரானார் பிரான்சுவா மித்தரான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தம் உடல்நிலை பற்றிய அறிக்கை வெளியாகும் என்று அவர் உறுதியளித்திருந்தார். அப்படி ஓர் உறுதிமொழிக்குத் தேவை இருந்தது. 1974இல் அதிபர் பொம்பிது பதவியிலேயே இறந்துபோனார். முகம் ஊதி, நடை தளர்ந்து அவர் நலிவதை நாடே பார்த்தது. என்ன நோய் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

அந்த 1981 முடிவதற்குள் மித்தரானுக்கு புரோஸ்டேட் புற்றுநோய் என்று கண்டறியப்பட்டது. எலும்பிலும் பரவியிருந்தது. சிகிச்சை மறைவாக நடந்தது. அவருடைய சொந்த மருத்துவர் குளோது குப்லேர் கையெழுத்திட்ட அறிக்கைகளும் தவறாமல் வந்துகொண்டிருந்தன. அவற்றில் புற்றுநோய் என்ற பேச்சே இல்லை. 1992 செப்டம்பரில் அறுவை சிகிச்சை நடந்த பிறகுதான் மக்களுக்கு விஷயம் தெரிந்தது.

மித்தரானுக்காகவும் வாதாட இடமுண்டு. நோய் வந்தவர் வேலைக்கு லாயக்கற்றவர் என்று முடிவுகட்டுவது கொடுமை. 1981இலேயே உண்மை வெளிவந்திருந்தால் அன்றே அவரைச் சாகப்போகிறவராக ஒதுக்கியிருப்பார்கள். அவரோ அதற்குப் பின் 14 ஆண்டுகள் வாழ்ந்தார். இரண்டு பதவிக்காலங்களையும் முடித்தார். தன் உடம்பைப் பற்றி வாய் திறக்காமல் இருக்கும் உரிமை அதிபருக்கும் உண்டு.

ஆனால் அவர் வாய் திறக்காமல் இருக்கவில்லை. மருத்துவரின் பெயரால் பேசினார், அதுவும் பொய்யாக. 1988இல் இன்னும் ஏழாண்டுகளுக்கு அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் அந்த அறிக்கைகளை நம்பி வாக்களித்தவர்கள். நோயோடு இருப்பவரே எங்களுக்கு வேண்டும் என்று அவர்கள் சொல்லியிருக்கவும் கூடும். அதைச் சொல்லும் வாய்ப்பைப் பறித்ததுதான் பெரிய அநீதி. பிரெஞ்சு அரசியலமைப்பின் 7ஆம் பிரிவுப்படி, அதிபரால் கடமையாற்ற இயலவில்லை என்று அரசு முறையிட்டால் அரசியலமைப்பு மன்றம் தீர்ப்புச் சொல்லலாம். அரசுக்கே தெரியாத நோயைப் பற்றி யார் போய் முறையிடுவது?

மித்தரான் 1996 ஜனவரி 8 அன்று இறந்தார். சில நாட்களிலேயே குப்லேரின் புத்தகம் வெளிவந்தது. 1994 நவம்பருக்குப் பின் அதிபரால் பணியாற்ற முடியவில்லை என்று அதில் எழுதியிருந்தார். நீதிமன்றம் உடனே விற்பனையைத் தடுத்தது. தொழில் ரகசியத்தை மீறியதற்காக மருத்துவருக்கு நிறுத்திவைக்கப்பட்ட நான்கு மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. 2004இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், முதலில் விதித்த தற்காலிகத் தடை சரி, நிரந்தரத் தடை தவறு என்றது.

துக்கம் ஆறாத குடும்பத்தின் முன் அந்தப் புத்தகத்தை நீட்டியது அநாகரிகம்தான். எனினும் அதைவிடக் கனத்த குற்றம், பத்தாண்டுக்கும் மேல் அந்த அறிக்கைகளில் கையெழுத்திட்டது. ரகசியம் காப்பது மருத்துவரின் கடமை என்றால் அறிக்கை தர மறுத்திருக்கலாம். மறுப்பதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை. நோயாளியின் நம்பிக்கைக்குக் கட்டுப்பட்ட ஒருவரையே நாட்டுக்கும் சாட்சியாக நிறுத்தியது ஏற்பாட்டிலேயே இருந்த கோளாறு. சிகிச்சை தருபவர் வேறு, சான்று தருபவர் வேறு என்று பிரித்துவிட்டால், நோயின் பெயர்கூட வெளியே வரத் தேவையில்லை. பதவியின் வேலையைச் செய்யும் தெம்பு இருக்கிறதா என்ற ஒரு கேள்விக்குப் பதில் வந்தால் போதும்.