நெய்தவர் பெயர்

துருக்கி எழுத்தாளர் ஓரான் பாமுக்கின் 'என் பெயர் சிவப்பு' நாவலைத் தமிழில் தந்த ஜி. குப்புசாமி, எங்கள் வெம்பாக்கத்துக்கு அக்கம்பக்கமான ஆரணிக்காரர். கதை நடப்பது 1591இல், இஸ்தான்புல்லில். சுல்தானின் ஓவியக்கூடத்தைச் சேர்ந்த ஒருவர் கொல்லப்படுகிறார். பிணம் பேசுகிறது, நாய் பேசுகிறது, நாணயம் பேசுகிறது. ஓர் அத்தியாயம் முழுக்கச் சிவப்பு நிறமே பேசுகிறது.

மனிதரல்லாத ஒன்று கதை சொல்வது நமக்குப் புதிதல்ல. வ.வே.சு. ஐயர் தம் சிறுகதையில் 1915இலேயே குளத்தங்கரை அரசமரத்தைப் பேசவைத்தார். ஆனால் அந்த மரம் ருக்மிணி என்ற பெண்ணுக்காக அழுதது. பாமுக்கின் சிவப்போ தன் பெருமையைத்தான் பேசுகிறது. இந்துஸ்தானத்து வெயிலிலிருந்து வந்த பூச்சியைக் காயவைத்து இடித்துத் தன்னை ஆக்கினார்கள் என்று அது சொல்லும் இடத்தில் எனக்குச் சிலிர்த்தது. மனம் சுணங்கியதும் அங்கேதான். இடித்தவருக்குக் கை வலித்ததா என்று அந்த நிறத்துக்குக் கவலையில்லை.

எங்கள் பக்கத்துச் சாயப்பட்டறையில் பட்டுக் கழிகளைக் கோலில் மாட்டிக் கொதிநீரில் முக்கி, சாயம் சீராக ஏறும்வரை திருப்பிக்கொண்டே நிற்பார்கள். ஆவி முகத்தில் அடிக்கும். நகக்கண்ணில் ஏறிய அரக்குச் சிவப்பு கழுவினாலும் போகாது. அந்தக் கையால்தான் சோறு பிசைய வேண்டும். இவர்களை விட்டுவிட்டுச் சிவப்பு மட்டும் பேசினால் எப்படி?

கடைசிவரை படித்ததும் அந்த மனத்தாங்கல் பாதி தீர்ந்தது. நாயும் மரமும் சிவப்பும் பேசியதெல்லாம் காபிக்கடைக் கதைசொல்லி ஒருவனின் குரல். அதற்காகவே மதவெறிக் கும்பல் அவனைக் கொன்றுவிடுகிறது. பொருளின் குரலுக்குப் பின்னால் ஓர் உயிர் இருந்ததைப் பாமுக் மறைக்கவில்லை.

மீதிப் பாதி தீரவில்லை. ஓவியன் தன் படத்தில் கையெழுத்திடலாமா என்பதுதான் நாவலின் பெரிய வழக்கு. தனிப்பாணியே குறை என்கிறார்கள் பழைய ஆசான்கள். எங்கள் மூத்த நெசவாளர்களிடமும் அந்த அடக்கம் உண்டு. அதை நான் வணங்குகிறேன். ஆனால் அந்த ஓவியர்கள் தங்களுக்குள் வாதாடினார்கள், உயிரையும் விட்டார்கள். குழித்தறியில் கால் இறக்கி உட்காரும் நெசவாளியிடம், பெயர் வேண்டுமா வேண்டாமா என்று யாரும் கேட்டதே இல்லை. கேட்காமல் பறித்ததைத் துறவு என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

பட்டுச்சேலையில் முத்திரை இருக்கிறது, கடையின் பெயர் இருக்கிறது, விலைச்சீட்டு இருக்கிறது. அந்தச் சீட்டில் இன்னொரு வரிக்கு இடமில்லாமல் போகாது. அடுத்த முகூர்த்தத்துக்குப் பட்டெடுக்கப் போகும்போது, இதை நெய்தவர் யார் என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.