வேடத்துக்குச் செய்யும் மரியாதை

நல்ல நடிப்பைக் கண்டால் சொல்வதற்கென்றே நம்மிடம் ஒரு பாராட்டு தயாராக இருக்கிறது: ‘நடிக்கவில்லை, வாழ்ந்திருக்கிறார்.’ வசந்த் எஸ். சாய் இயக்கிய ‘சிவரஞ்சனியும் இன்னும் சில பெண்களும்’ வணிக சினிமாவுக்கு வெளியே எடுக்கப்பட்ட படம். 2018-இல் மும்பைத் திரைப்பட விழாவில் காட்டப்பட்டு, 2021-இல்தான் ஓடிடிக்கு வந்தது. அதில் சிவரஞ்சனியாக வந்த லட்சுமி பிரியா சந்திரமௌலிக்கு, 2020-ஆம் ஆண்டின் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது 2022-இல் அறிவிக்கப்பட்டது. விருதில் எனக்கு வழக்கில்லை. வழக்கு, இப்படிப்பட்ட நடிப்புக்கு நாம் சொல்லும் அந்த ‘வாழ்ந்திருக்கிறார்’ என்ற பாராட்டோடுதான். ஒரு நடிப்பின் உண்மை, நடித்தவருடைய சொந்த வாழ்க்கையிலிருந்துதான் வந்தாக வேண்டுமா? சினிமாவுக்குப் பல நூற்றாண்டு முன்பே சைவம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டது, அதுவும் நம் நடுநாட்டு மண்ணில் வைத்து.

திருநாவலூர் என்றதும் சுந்தரர் பிறந்த ஊர் என்போம். அவரைத் தம் பிள்ளையாக எடுத்து வளர்த்த மன்னர் நரசிங்கமுனையரையரும் அறுபத்து மூவரில் ஒருவர் என்பது அவ்வளவாகப் பேச்சில் வருவதில்லை. சேக்கிழார் அவருக்குச் சொல்லும் கதை சின்னது, ஆனால் சங்கடமானது. திருவாதிரை நாளில் அடியார்களுக்குப் பொன் கொடுக்கிறார் மன்னர். உடலில் காமக்குறி வெளிப்படையாகத் தெரிய, மேலெல்லாம் நீறு பூசிய ஒருவன் வரிசையில் வந்து நிற்கிறான். பக்கத்தில் இருந்தவர்கள் முகம் சுளித்து ஒதுங்குகிறார்கள். மன்னரோ கும்பிட்டு, மற்றவர்களுக்குக் கொடுத்ததைப்போல இரண்டு மடங்கு பொன்னை அவனுக்குக் கொடுத்து அனுப்புகிறார். அதே நடுநாட்டுத் திருக்கோவலூரில் மெய்ப்பொருள் நாயனார் இதற்கும் ஒரு படி மேலே போனார். ஓலைச்சுவடிக் கட்டுக்குள் ஆயுதத்தை மறைத்துக்கொண்டு, சிவனடியார் கோலத்தில் வந்து தன்னைக் குத்திய முத்தநாதனை, ஊர் எல்லை தாண்டும்வரை பத்திரமாகக் கொண்டுபோய் விடச் சொல்லி மெய்க்காவலன் தத்தனை அனுப்பினார். இருவருமே ஆளை எடை போடவில்லை. பூண்ட கோலம் எதைக் காட்டுகிறதோ, அதற்கு மரியாதை செய்தார்கள். உள்ளே இருப்பவன் யோக்கியன் இல்லை என்று தெரிந்த பிறகும் அந்த மரியாதை குறையவில்லை.

திருநீறும் அரிதாரமும் ஒன்றா என்று கேட்பார்கள். ஒன்றில்லைதான். முத்தநாதன் ஏமாற்ற வந்தவன். நடிகையிடம் யாரும் ஏமாறுவதில்லை, படம் பார்க்கிறோம் என்று தெரிந்தேதான் உட்கார்ந்திருக்கிறோம். ஆனால் இந்த வித்தியாசம் என் பக்கமே சாய்கிறது. வஞ்சகன் பூண்ட கோலமே தன் பொருளை இழக்காதபோது, கண்முன்னே, ஒளிவுமறைவில்லாமல் பூண்ட வேடம் மட்டும் பிறப்புச் சான்றிதழ் காட்ட வேண்டுமா? போலிச் சாமியார்களை வளர்த்துவிட்ட கொள்கையல்லவா இது என்ற கேள்வி இன்னும் கனமானது. உண்மை, அந்த ஆபத்து இருக்கிறது. சேக்கிழாரின் பெரியபுராணம் அதை மறைக்கவும் இல்லை, மெய்ப்பொருள் நாயனார் உயிரையே கொடுத்தார். கோலத்தை வணங்குவது வேறு, கோலம் பூண்டவனிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பது வேறு. சாமியார் நம் நம்பிக்கையைக் கேட்கிறார். நடிகை கேட்பது இரண்டு மணி நேரக் கவனத்தை மட்டும்.

இன்னொரு மறுப்பும் உண்டு. லட்சுமி பிரியா நிஜமாகவே விளையாட்டு வீராங்கனையாக இருந்தவர்; கல்லூரியில் ஓட்டக்காரியாக இருந்து, கல்யாணத்துக்குப் பின் அடுப்படிக்குள் அடங்கிப்போன சிவரஞ்சனியை அவர் ‘வாழ்ந்தது’ சரிதானே? பள்ளிப் பேருந்தின் பின்னால் அவள் ஓடும் காட்சியைக் கவனித்துப் பாருங்கள். ஓடத் தெரிந்த கால்கள் அவருடையவை. அந்தக் காட்சிக்கோ, ஓட்டத்தை மறந்துபோன உடம்பு சேலையோடு தெருவில் தடுமாறி, பிறகு பழைய லயத்தைக் கண்டுபிடிப்பது வேண்டும். அந்த மறதியை அவர் புதிதாக உண்டாக்கியாக வேண்டும். சொந்த அனுபவம் இங்கே பாதி உதவி, பாதி தடை.

இதே படத்தில் சரஸ்வதியாக வரும் காளீஸ்வரி சீனிவாசனின் முதல் படம் ‘தீபன்’. 2015-இல் கான் விழாவின் தங்கப் பனை விருதைப் பெற்றது. அதில் நாயகனாக நடித்த ஷோபாசக்தி, இளமையில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்தவர், பிரான்சில் அகதியாகத் தஞ்சம் புகுந்தவர். காளீஸ்வரியோ சென்னை நாடக மேடையிலிருந்து போனவர். கதையிலும் அவருக்குக் கிடைத்தது வேடத்துக்குள் வேடம்: முன்பின் அறியாத ஒருவனுக்கு மனைவி என்று பொய்க் கடவுச்சீட்டில் நாடு கடக்கும் யாழினி. அகதி வாழ்க்கையை அறியாதவர் என்பதற்காக யாழினியின் பயம் ஒரு மாற்றுக்கூடக் குறைந்துவிடவில்லை. வாழ்ந்தவரும் வாழாதவரும் ஒரே சட்டகத்தில் நிற்கிறார்கள். திரையில் யார் எவர் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

‘வாழ்ந்தார்’ என்ற பாராட்டில் ஒரு நடைமுறைக் கேடும் இருக்கிறது. சின்னப் படங்களில் நடிக்கும் பெண்களுக்கு அடுத்த வாய்ப்பே கேள்விக்குறி. பட்ட துன்பத்தைத்தான் திரையில் காட்டினார் என்று நாம் முடிவுகட்டிவிட்டால், அழுகிற வேடத்துக்கு மட்டும் கூப்பிடுவார்கள். பேட்டி எடுப்பவர் முதல் கேள்வியிலேயே வீட்டுக் கதையைக் கிளறுவார். கழுத்தை எப்படிச் சாய்த்தார், எந்த இடத்தில் மூச்சை நிறுத்தினார், வசனமில்லாத இடத்தில் கையை என்ன செய்தார் என்று விமர்சகர் எழுதினால், அடுத்த படத்தில் ஒரு நீதிபதியாகவோ கொலைகாரியாகவோ அவரை நினைத்துப் பார்க்க ஓர் இயக்குநருக்காவது தோன்றும்.