கன்ஹேரி செல்லும் காட்டுவழி



மழை ஓய்ந்து காடு தழைத்திருக்கும் நாட்களில் நம்மவர் பலர் பிள்ளைகளுடன் போரிவிலி வனத்திற்குச் செல்கின்றனர். மும்பை மாநகரை ஒட்டி 100 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்துள்ள அவ்வனத்தின் உள்ளே, வாயிலிலிருந்து ஏறக்குறைய 6 கிலோமீட்டர் தொலைவில், கன்ஹேரிக் குகைகள் உள்ளன. அவ்வழியே நடப்பது குறித்துச் சில சொல்ல விழைகின்றோம்.

ததாகதர் மரத்தடியில் பிறந்து, மரத்தடியில் போதி பெற்று, மான்கள் உலவிய வனத்தில் முதலுரை பகர்ந்து, சால மரங்களிடையே பரிநிர்வாணம் எய்தியவர். 45 ஆண்டுகள் நடந்தே அறமுரைத்தவர். ஆதலின் கானகத்தில் நடப்பது நமக்கு வெறும் பொழுதுபோக்கன்று.

நமக்கு வழி எளிதில் கிடைத்ததுமன்று. வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்கே 1924-இல் மக்கள் போராட நேர்ந்தது. 1927-இல் மகாடில் பாபாசாகேப் அம்பேத்கர் பொதுக்குளத்து நீரை அள்ளிப் பருகியது பெரும் புரட்சியாயிற்று. வழியும் நீரும் மறுக்கப்பட்டிருந்த மக்கள் நாம். இன்று வழி திறந்திருக்கின்றது. அதில் எவ்வாறு நடக்கின்றோம் என்பதே கேள்வி.

எம் குற்றமொன்றை மறைக்காமல் கூறுகின்றோம். ஆலைத் தொழிலாளியாயிருந்த இளமையில் முதன்முறை கன்ஹேரி சென்ற யாம், குகைச் சுவரொன்றில் ஆணியால் எம் பெயரைக் கீறினோம். ஊரில் சாதியைச் சேர்க்காமல் எம் பெயரை எவரும் சொன்னதில்லை. கல்லிலாவது அது தனித்து நிற்கட்டும் என்று எண்ணினோம். அருகிலிருந்த பிராமி எழுத்துகள் எமக்கு அன்று விளங்கவில்லை.

பின்னாளில் நூல்களைத் தேடிப் படித்தபோது நாணித் தலைகுனிந்தோம். அக்குகைகளின் கல்வெட்டுகள் ஈகையைச் சொல்வன. கல்யாண் நகரப் பொற்கொல்லர் ஒருவர் நீர்த்தொட்டி அளித்தார். அந்நகரத்துக் கருமான் ஒருவர் பாதை அளித்தார். உலைக்களத்தில் உழைத்து ஈட்டிய பொருளால் பின்வருவோர் நடக்க வழி தந்தார். அதனால் அவர் பெயர் கல்லில் நின்றது. யாமோ ஒன்றும் ஈயாமல் பெயரை மட்டும் கீறி வந்தோம். அண்மையில் சென்று பார்த்தோம். அக்கீறல் இன்னும் இருக்கின்றது. நல்வினை போலவே தீவினையும் கல்லில் நிற்கின்றது.

மற்றொன்று காண்மின். அவ்வனத்தின் மழைநீரில் ஒரு பகுதி 1860-இல் கட்டி முடிந்த விகார் ஏரியில் சேர்கின்றது. அவ்வேரியும் பவாய் ஏரியும் நிறைந்து வழியும் நீரே மித்தி ஆறாகி, தமிழர் நிறைந்து வாழும் தாராவியின் ஓரமாய் ஓடி, மாகிம் சதுப்பின் அலையாத்தி மரங்களிடையே கடலில் கலக்கின்றது. 2005 ஜூலை 26-ஆம் நாள் பெருமழையில் அவ்வாறு கரைபுரண்டு வீடுகளில் புகுந்ததை நாம் மறக்கவில்லை. காட்டோடையில் நாம் எறியும் பிளாஸ்டிக் பை ஆற்றை அடைத்து, அலையாத்தி வேர்களில் சிக்கி, நம் வாசலுக்கே மீளும். இது பிறர் சாபமன்று. வினையும் பயனும் தொடரும் தொடர்ச்சியே.

மழைக்காலத்திலும் பிக்குகள் ஊர்தோறும் நடந்து பசும்புல்லையும் சிற்றுயிர்களையும் மிதிக்கின்றனர் என்று மக்கள் குறை கூறினர். ததாகதர் அதனைச் செவிமடுத்து, அக்காலத்தில் ஓரிடத்தில் தங்குமாறு விதித்தார். புல்லுக்காகவும் நடையை நிறுத்திய நெறி நம் நெறி.

ஆகவே அன்பர்காள், அனுமதியுள்ள வழியிலேயே செல்வீர். அது சிறுத்தைகளின் இல்லம். பொழுது சாயுமுன் திரும்புவீர். கிளையை முறியாதீர். கல்லில் கீறாதீர். கொண்டுசென்ற அனைத்தையும் கொண்டுவருவீர். பிறர் எறிந்தவற்றையும் ஒரு சாக்கில் பொறுக்கி வருவீர். பாதை அளிக்க நம்மிடம் பொருளில்லை. பாதையைத் தூயதாய் விட்டுவர இரு கைகள் உள்ளன. பெயர் பொறிக்காமலே நாம் அளிக்கக்கூடிய தானம் அதுவே.

உயிர்கள் யாவும் நலமுறுக!

சாது! சாது! சாது!